ரசிகனுக்குக் கசக்கும் சொல்

1945 நவம்பர் 1 அன்று பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள கேரி என்ற எஃகு ஆலை நகரத்துக்குப் போனார். அங்கே ஃபுரோபல் என்ற பள்ளியில் வெள்ளை மாணவர்கள் செப்டம்பரிலிருந்தே தகராறு செய்துகொண்டிருந்தார்கள். கறுப்பின மாணவர்களை வேறு பள்ளிக்கு மாற்று, அதுவரை வகுப்புக்கு வரமாட்டோம் என்பது அவர்களுடைய கோரிக்கை. சினாட்ராவுக்கு அப்போது 29 வயது. அவர் மேடையேறினாலே பதின்வயதுப் பெண்கள் மயங்கி விழுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். அன்று அரங்கத்தை நிறைத்திருந்தவர்களும் அந்த வயதினர்தான். அதாவது, அவருடைய இசைத்தட்டுக்குக் காசு கொடுப்பவர்கள்.

அவர் பாடினார். பிறகு, நீங்கள் செய்வது தவறு, பள்ளிக்குத் திரும்புங்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாரும் கைதட்டி அனுப்பியிருப்பார்கள். மாணவர்களைப் பின்னாலிருந்து தூண்டிவிடுவதாகக் கருதப்பட்ட உள்ளூர்ப் பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லியே மேடையில் வெளுத்து வாங்கினார். ஊரில் பலருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. விருந்தாளியாக வந்தவன் நம் ஊர்க்காரரைப் பேசுவதா என்ற கோபம்.

புறக்கணிப்பு மறுநாளே முடிந்துவிடவில்லை. சினாட்ரா போன பிறகும் சில நாள் நீடித்து, வேறு சமரசங்களால்தான் ஓய்ந்தது. கேரியின் பள்ளி வாரியம் பாகுபாட்டைக் கைவிடுவதாகத் தீர்மானம் போட்டது 1946-இல். நடைமுறைக்கு வந்தது 1947-இல். அதற்காகக் கூட்டம் கூட்டமாக நடத்தி, மனு மேல் மனு கொடுத்து அலைந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் பெயர் ஒன்றும் நமக்கு நினைவில்லை, சினாட்ராவின் பெயர் மட்டும் நிற்கிறது. இது நியாயமில்லைதான். இருந்தும் அந்த ஒரு மாலைப் பொழுதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். அதே ஆண்டு அவர் நடித்து வெளியான ஒரு சிறிய படத்தைவிடப் பெரிதாக. மதத்தின் பெயரால் ஒரு சிறுவனைத் துரத்தும் பையன்களுக்கு அவர் புத்தி சொல்வதாக அமைந்த படம் அது. பிறகு கௌரவ ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அதில் அவர் பாடும் பாட்டில் வெள்ளையரும் கறுப்பரும் அண்டை வீட்டாராக வாழ்வதைச் சொல்லும் பகுதி இருந்தது. படத்தில் அதை மட்டும் நறுக்கிவிட்டார்கள். நாடு முழுவதும் ஓட வேண்டிய படம், யாருக்கும் உறுத்தக் கூடாது அல்லவா?

பிரபலங்கள் வெறுப்புக்கு எதிராகக் குரல் கொடுப்பது பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சினாட்ராக்களும் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். படத்தில் வரும் சினாட்ரா எல்லாருக்கும் பிடித்தமானவர். கேரி மேடையில் நிற்பவர் தன் ரசிகர்களிடமே வசவு வாங்கத் தயாரானவர்.

இப்போது நம் கைபேசிக்கு வருவதெல்லாம் முதல் வகைதான். பார்த்துப் பார்த்து அதன் அமைப்பே மனப்பாடமாகிவிட்டது. கறுப்புப் பின்னணி. பியானோ. முகத்தில் ஒப்பனை குறைவாகத் தெரிய வேண்டும் என்று சிரத்தையாகச் செய்த ஒப்பனை. ஒரு நடிகர் வாக்கியத்தைத் தொடங்குவார், இன்னொரு நடிகை நடுப்பகுதியைச் சொல்வார், ஒரு விளையாட்டு வீரர் முடித்து வைப்பார். வெறுப்பு வேண்டாம், அன்பு வேண்டும். யார் யாரை வெறுத்தார்கள், எங்கே, எதற்காக, அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார், ஒன்றும் இருக்காது. 2020 ஜூனில், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸால் கொல்லப்பட்ட பிறகு, அமெரிக்க வெள்ளை நடிகர்கள் சிலர் கறுப்பு வெள்ளைப் படத்தில் தோன்றி, நான் பொறுப்பேற்கிறேன், நான் பொறுப்பேற்கிறேன் என்று ஒருவர் பின் ஒருவராக உருகினார்கள். உலகமே சிரித்தது. எதற்குப் பொறுப்பு, ஏற்ற பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டவர்களுக்கு அந்த வீடியோவில் விடையில்லை.

இந்தச் சங்கதியைச் சற்று உள்ளே இருந்தும் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குறிப்பிட்ட சமூகத்தாரிடம் எதையும் வாங்காதீர்கள் என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருந்த நேரம். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன நல்லிணக்கக் குழுவுக்காக, பெயர் தெரிந்த கலைஞர் ஒருவரிடம் அரை நிமிட வீடியோ கேட்டுப் போயிருந்தோம். கலைஞரைப் பார்க்க முடியவில்லை, மேலாளரைப் பார்த்தோம். மரியாதையான மனிதர். உட்கார வைத்து, நாங்கள் எழுதிக்கொண்டு போயிருந்த வரிகளை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, “சார், இதில் சமூகத்தின் பெயர் வருகிறதே, அது வேண்டுமா?” என்று கேட்டார்.

“அவர்களைப் பற்றித்தானே சார் அந்தச் செய்தியே பரவுகிறது?”

“புரிகிறது. ஆனால் பொதுவாகச் சொன்னால் எல்லாருக்கும் பொருந்துமே. வெறுப்பைப் பரப்பாதீர்கள், அன்பாக இருங்கள். அண்ணனுக்கு எல்லாத் தரப்பிலும் ரசிகர்கள் இருக்கிறார்கள், பாருங்கள்.”

சமூகத்தின் பெயர் போயிற்று. அடுத்து, வாங்காதீர்கள் என்று சொல்வது சட்டப்படியும் தவறு என்ற வரி போயிற்று. கடைசியில் ஒரு தீபாவளி வாழ்த்துக்கும் பொங்கல் வாழ்த்துக்கும் அப்படியே பயன்படக்கூடிய இரண்டு வாக்கியம் மிஞ்சியது. வீடியோ வந்தது, லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். வாங்காதீர்கள் என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர்களும் அதை ஆர்வமாகப் பகிர்ந்தார்கள். தங்களைத்தான் சொல்கிறார் என்று அவர்களுக்கு ஏன் தோன்ற வேண்டும்? வெறுப்பவன் யாரும் தன்னை வெறுப்பவன் என்று நினைத்துக்கொள்வதில்லை. தன் கூட்டத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைக்கிறான்.

அந்த மேலாளரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருடைய வேலையே ரசிகர் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது. எல்லாத் தரப்பிலும் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னது முழு உண்மை. நாங்கள் போனதே அதற்காகத்தான்.

இதே கணக்கை வேறு விதமாகப் போட்டவர் விராட் கோலி. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. பதினொரு பேர் சேர்ந்து தோற்ற ஆட்டத்துக்கு முகமது ஷமி ஒருவரைப் பிடித்துக்கொண்டார்கள். காரணம் அவருடைய பெயர்தான். முன்னாள் வீரர்கள் பலர் உடனே ஷமிக்கு ஆதரவு சொன்னார்கள், பெரும்பாலும் ‘நாங்கள் உங்களோடு இருக்கிறோம்’ என்ற தோரணையில். அதுவும் நல்லதுதான். கோலி வாய் திறந்தது ஆறு நாள் கழித்து. அது தாமதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 30-ஆம் தேதி செய்தியாளர் கூட்டத்தில் திறந்தபோது சுற்றி வளைக்கவில்லை. ஒருவரை அவருடைய மதத்தைச் சொல்லித் தாக்குவதைவிடக் கேவலமான செயல் மனிதனுக்கு வேறில்லை என்றார். திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசும் முதுகெலும்பில்லாதவர்கள் என்றார். மதம் என்ற சொல் அங்கே வந்துவிட்டது, பாருங்கள். அதைச் சொன்னதும் யாரைக் குறிக்கிறார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவர்களில் பலர் முந்தின வாரம் வரை அவருடைய படத்தை முகப்பில் வைத்திருந்தவர்களாகவே இருப்பார்கள்.

மறுநாள் நியூசிலாந்திடமும் தோல்வி. அந்த நாட்களில் இணையத்தில் வந்த மிரட்டல்களில் ஒன்று, இன்னும் ஒரு வயதுகூட நிரம்பாத அவருடைய மகளைக் குறித்தது. மும்பை போலீஸார் ஹைதராபாத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை அதற்காகக் கைது செய்தார்கள். பொத்தாம் பொதுவாக அன்பைப் பரப்புங்கள் என்று சொன்ன எவருக்கும் இப்படி ஒரு மிரட்டல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, குமார் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். நான் உள்நாட்டுப் போருக்கு நடுவில் வளர்ந்தவன், அடுத்த தலைமுறைக்கு அது வேண்டாம் என்றார் மஹேல. அவர்களைக் கொண்டாடும் கூட்டத்தில் பெரும்பகுதி எந்தச் சமூகம் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தச் சொல்லின் எடை தெரியும். அதே வாசகத்தை அன்று ஒரு முஸ்லிம் வீரர் சொல்லியிருந்தால் அது முறையீடாகக் கேட்டிருக்கும். சிங்கள நாயகர்கள் சொன்னபோது கண்டிப்பாகக் கேட்டது.

இது என் அனுமானம் மட்டும் இல்லை. கெவின் மங்கர் என்ற அரசியல் அறிவியலாளர் ட்விட்டரில் ஒரு சோதனை நடத்தி 2017-இல் வெளியிட்டார். கறுப்பினத்தவரை வசைச்சொல்லால் திட்டிக்கொண்டிருந்த வெள்ளை ஆண்களின் கணக்குகளைத் தேடிப் பிடித்தார். தானே உருவாக்கிய போலிக் கணக்குகளிலிருந்து, இப்படிப் பேசினால் உண்மையான மனிதர்களுக்கு வலிக்கும் என்று ஒரே கண்டனத்தை அவர்களுக்கு அனுப்பினார். சில கணக்குகளில் வெள்ளையர் முகம், சிலவற்றில் கறுப்பர் முகம். சிலவற்றுக்குப் பின்தொடர்வோர் அதிகம், சிலவற்றுக்குச் சொற்பம். திட்டுவது தெளிவாகக் குறைந்தது ஒரே ஒரு வகையில்தான்: பின்தொடர்வோர் அதிகம் உள்ள வெள்ளையர் கண்டித்தபோது. செல்வாக்கு மட்டும் போதவில்லை, நம்ம ஆள் என்பது மட்டும் போதவில்லை. நம்ம ஆளில் பெரியவர் சொன்னால்தான் கை கொஞ்சம் தயங்குகிறது. இதைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. பாதிக்கப்பட்டவரின் வாயால் சொன்னால் ஏறுவதில்லை என்பது கொண்டாடக்கூடிய முடிவா என்ன? ஆனால் பிரபலங்களின் குரல் எங்கே செலவாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான வழிகாட்டல் கிடைக்காது.

எதுவுமே பேசாமல் விளைவு ஏற்படுத்தியவரும் இருக்கிறார். எகிப்திய கால்பந்து வீரர் முகமது சாலா 2017-இல் லிவர்பூல் அணிக்கு வந்தார். கோல் போட்டதும் மைதானத்திலேயே நெற்றியைத் தரையில் பதித்து வணங்குவார். இன்னும் சில கோல் போட்டால் நானும் முஸ்லிமாகிவிடுவேன் என்று ரசிகர்கள் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அவர் வந்த பிறகு அந்த வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள், அவர் வராதிருந்தால் இருந்திருக்கும் என்று மதிப்பிட்ட அளவைவிட 16 சதவீதம் குறைவாக இருந்தன. லிவர்பூல் ரசிகர்கள் இடும் முஸ்லிம் வெறுப்புப் பதிவுகள், மற்ற பெரிய அணிகளின் ரசிகர்களோடு ஒப்பிட்டால் பாதியாகின. இந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது.

நல்ல செய்திதான். ஆனால் அது கோலை நம்பி நிற்கும் நல்ல செய்தி. துருக்கிய வம்சாவளியில் பிறந்த ஜெர்மன் வீரர் மெசுத் ஓசில் 2018-இல் தேசிய அணியை விட்டு விலகும்போது சொன்னதைக் கால்பந்து பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: வென்றால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி. 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்ட்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவருக்கும் அன்றிரவே இனவெறி வசவுகள் குவிந்தன. பந்து உள்ளே போயிருந்தால் அதே விரல்கள் இதயப் படத்தை அனுப்பியிருக்கும்.

சரி, பிரபலம் ஒருவர் உண்மையாகவே சமூகத்தோடு நிற்க நினைத்தால் அது எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்ததில் முழுமையான உதாரணம் ஹாரி பெலஃபான்டே. 1950-களில் அமெரிக்கா முழுவதும் கொண்டாடிய பாடகர், நடிகர். குரலால் வாழ்ந்தவர். ஆனால் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்துக்கு அவர் கொடுத்ததில் குரலின் பங்குதான் குறைவு என்று சொல்லலாம். மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க்குக்கு வந்தால் தங்கிப் பேசுவதற்கு அவர் வீடு. 1963-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கைதானவர்களைப் பிணையில் எடுக்கப் பணம் திரட்டியது அவர். கிங்குக்கு ஏதாவது ஆனால் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்று ஆயுள் காப்பீடு எடுத்து வைத்ததும் அவர். மேடையில் தெரியாத வேலைகள் இவை.

1964 ஆகஸ்டில் மிசிசிப்பியின் கிரீன்வுட் ஊரிலிருந்து அவருக்குத் தகவல் வந்தது. கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்ய வந்திருந்த தொண்டர்களிடம் காசு தீர்ந்துவிட்டது. அந்த மாநிலத்தில் ஜூனில் காணாமல்போன மூன்று தொண்டர்களின் உடல்கள் அந்த மாதம்தான் ஒரு மண் அணைக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டிருந்தன. இந்த நிலையில் தொண்டர்களைத் திருப்பி அனுப்பினால் பயந்து ஓடியதாகிவிடும். வைத்துக்கொண்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை. பெலஃபான்டே 70,000 டாலர் திரட்டினார். வங்கி மூலம் அனுப்ப முடியாது. ஒரு கறுப்பர் மிசிசிப்பி வங்கியில் போய் அவ்வளவு பணத்தை எடுத்தால் ஊர் தாண்ட மாட்டார். எனவே ரொக்கமாக, டாக்டர்கள் வைத்திருக்கும் மாதிரியான ஒரு பையில் போட்டுத் தானே கொண்டுபோவது என்று முடிவு செய்தார். துணைக்கு நண்பர் சிட்னி பாய்ட்டியரை அழைத்தார். பாய்ட்டியர் அந்த ஏப்ரலில்தான் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது வாங்கியிருந்தார். இரண்டு கறுப்பர்களைச் சுட்டால் கேட்க நாதியில்லை, இரண்டு பிரபலங்களைச் சுடுவதென்றால் கொஞ்சம் யோசிப்பார்கள் என்பது பெலஃபான்டேயின் கணக்கு.

சிறிய விமானத்தில் இரவில் இறங்கினார்கள். கூட்டிப்போக வந்த காரை, இருட்டில் காத்திருந்த வண்டிகள் துரத்திவந்து பின்னாலிருந்து முட்டின. முந்திச் செல்ல விடாமல் காரை வளைத்து வளைத்து ஓட்டித் தப்பித்தார்கள். ஊரிலிருந்து மற்றத் தொண்டர்களின் கார்கள் எதிரே வந்து சேர்ந்ததும் துரத்தியவர்கள் பின்வாங்கினார்கள். அரங்கத்துக்குள் நுழைந்தபோது கூடியிருந்தவர்கள் பாட்டோடு வரவேற்றார்கள். பெலஃபான்டேயும் பாடினார். பிறகு பையைத் திறந்து பணத்தை மேசையில் கொட்டினார். கிரீன்வுட்டில் அன்று கூடியிருந்தவர்களுக்கு எது தேவை என்பதை முடிவு செய்தது அவர்களே. அவர்கள் கேட்டதை அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவுதான். என் நண்பர்களிடம் இதைச் சொன்னால், அவர்களெல்லாம் அந்தக் காலத்து மனிதர்கள் என்பார்கள். அந்தக் காலத்திலும் நூறு பேரில் ஒருவர்தான் இப்படி இருந்தார் என்பதை மறந்துவிடுகிறோம். பால் ராப்சன் போன்றவர்களின் கதி கண்முன்னே இருந்தது. அவ்வளவு பெரிய பாடகரின் பாஸ்போர்ட்டை 1950-இல் அரசு பறித்து, எட்டு ஆண்டுகள் வெளிநாட்டுக்கே போகவிடாமல் செய்தது.

பிரபலங்களின் குரலுக்கு உள்ள எல்லையைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டும். அங்கே கதை தொடங்கியதே ஒரு பிரபலத்தின் வெறுப்புக் குரலில்தான். 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், போதையில் மேடையேறிய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், வெளிநாட்டவர்கள் வெளியேற வேண்டும் என்று கத்தினார். குடியேற்ற எதிர்ப்பு அரசியல்வாதி ஈனோக் பவலை ஆதரிக்கச் சொன்னார். கறுப்பின இசையிலிருந்து எடுத்து எடுத்து வளர்ந்தவர். இரண்டு ஆண்டுக்கு முன்தான் ஜமைக்காவின் பாப் மார்லி எழுதிய பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தார். ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதினார்கள். உன் இசையில் பாதி கறுப்பர்களுடையது என்று நினைவூட்டிவிட்டு, இனவெறிக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்குவோம், சேர விரும்புபவர்கள் எழுதுங்கள் என்று முகவரி கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன. ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம் பிறந்தது அப்படித்தான்.

அவர்கள் செய்த உருப்படியான காரியம், ஒரே மேடையில் வெள்ளை பங்க் குழுவையும் கறுப்பு ரெகே குழுவையும் ஏற்றியது. நேஷனல் ஃப்ரன்ட் என்ற இனவெறிக் கட்சி வளைத்துப்போடத் துடித்த அதே வேலையில்லா வெள்ளை இளைஞர்கள்தான் பங்க் இசைக்கும் ரசிகர்கள். தங்கள் ஆட்டக்காரரைப் பார்க்க வந்தால் அடுத்தவரையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். 1978 ஏப்ரல் 30 அன்று டிராஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம். பூங்காவில் தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், டாம் ராபின்சன் குழுக்களின் கச்சேரி. 80,000 பேர் வரை கூடினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அன்று அங்கே இருந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசினால் குரல் மாறிவிடும்.

நான்கு நாள் கழிந்தது. மே 4, உள்ளாட்சித் தேர்தல் நாள். அதே கிழக்கு லண்டனில், வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற வங்கதேசத் தையல் தொழிலாளியை, வயது இருபதுகளின் நடுவில், மூன்று சிறுவர்கள் குத்திக் கொன்றார்கள்.

விக்டோரியா பூங்காக் கச்சேரி வீண் என்று சொல்ல நான் இதை எடுக்கவில்லை. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். மே 14 அன்று சுமார் 7,000 பேர், பெரும்பாலும் வங்காளிகள், அலியின் சவப்பெட்டிக்குப் பின்னால் மழையில் நடந்து பிரதமர் வீட்டுத் தெரு வரை போனார்கள். அதுவரை தலை குனிந்து வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த சமூகம் அது. கிழக்கு லண்டனின் பிரிக் லேன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நேஷனல் ஃப்ரன்ட் ஆட்கள் பத்திரிகை விற்கும் மூலையை, அவர்களுக்கு முன்னால் போய் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள் இளைஞர்கள். வாரா வாரம். இந்த வேலையை எந்தப் பாடகரும் செய்திருக்க முடியாது. ஆனால் அவர்கள் மூலையில் உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்த வெள்ளையர்களில் எத்தனை பேர் கச்சேரிக்குப் போனவர்கள் என்று கேட்டால், அங்கே ஒரு தொடர்பு இருக்கும் என்றே நம்புகிறேன். 1979 பொதுத்தேர்தலில் நேஷனல் ஃப்ரன்ட் 303 தொகுதிகளில் நின்று, நாட்டின் மொத்த வாக்கில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இதை முழுக்கக் கிட்டாரின் வெற்றியாக எழுதும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன்; அது மிகை. குடியேற்றம் பற்றி மார்கரெட் தாட்சர் கடுமையாகப் பேசத் தொடங்கி, அந்த வாக்குகளில் கணிசமானதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்பதும் சேர்ந்ததுதான் கதை.

குரல் கொடுப்பது சில நேரம் கெடுதலாகவும் முடியும். 2020 ஜூன் 2 அன்று உலகம் முழுவதும் பிரபலங்களும் அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இன்ஸ்டாகிராமில் ஒரு கறுப்புச் சதுரத்தைப் பதிவிட்டார்கள். இசைத்துறையில் இருந்த இரண்டு கறுப்பினப் பெண்கள், வேலையை ஒருநாள் நிறுத்தி யோசிப்போம் என்று தொடங்கியது அது. கைமாறிக் கைமாறி வெறும் சதுரமாகிவிட்டது. பலர் அதோடு போராட்டக்காரர்கள் பயன்படுத்திவந்த ஹேஷ்டேக் அடையாளக் குறியையும் சேர்த்துப் போட்டார்கள். எங்கே கூடுவது, பிணைக்கு யாரை அழைப்பது, போலீஸ் எந்தத் தெருவில் நிற்கிறது என்று தேடியவர்களின் திரையில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று களத்தில் இருந்தவர்கள் கெஞ்ச வேண்டியதாயிற்று. அமைப்பாளர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பிரபலமே இல்லாமலும் காரியம் நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரம் சாட்சி. 1993 டிசம்பரில், யூதக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஹனுக்கா பண்டிகைக்காக மெனோரா விளக்குப் படம் ஒட்டியிருந்த ஜன்னலில் கல்லெறிந்தார்கள்; அது ஐந்து வயதுக் குழந்தையின் அறை. உள்ளூர் நாளிதழ் ஒரு முழுப் பக்கத்தில் மெனோராப் படத்தை அச்சிட்டது. சில வாரங்களில் ஏறக்குறைய 10,000 வீடுகளின் ஜன்னல்களில் அது ஒட்டப்பட்டிருந்தது, பெரும்பாலும் கிறிஸ்தவர்களின் வீடுகள். எந்த வீடு யூதர் வீடு என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. பிறகும் சில ஜன்னல்கள் உடைந்தன. மக்கள் படத்தை எடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நடிகர்களை விட்டுவிடலாமே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். விட முடியாது. வெறுப்பு பரவும் அதே குழாய்கள்தான் ரசிகர் பக்கங்களும். பி.டி.எஸ். இசைக்குழு 2020 ஜூனில் பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தது தெரிந்ததும், ரசிகர்கள் தாங்களாகவே இன்னொரு பத்து லட்சத்தை ஏறக்குறைய ஒரே நாளில் திரட்டிவிட்டார்கள். பல ஆண்டு அனுபவமுள்ள தொண்டு நிறுவனங்கள் வாய் பிளக்கும் வேகம் அது. ரசிகர்களுக்குக் கூடத் தெரியும், வேலையைப் பிரித்துக்கொள்ளத் தெரியும், இரவெல்லாம் விழித்திருக்கத் தெரியும். படம் வெளியாகும் நாளில் பார்க்கிறோமே.

எங்கள் குழு பிறகு மேலாளர்களைத் தேடிப் போவதை நிறுத்திவிட்டு, ரசிகர் பக்கங்களை நடத்துகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கத் தொடங்கியது. பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். நாங்கள் நினைத்ததைவிடத் தெளிவானவர்கள். எந்தக் கணக்கிலிருந்து விஷம் வருகிறது, எது ஒரே ஆள் நான்கு பெயரில் எழுதுவது, எதற்கு வெளியிலிருந்து காசு வருகிறது என்று சந்தேகம், எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஏன் தம்பி அதையெல்லாம் நீக்காமல் விடுகிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன்.

“நீக்கலாம் அண்ணா. எனக்கும் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் நானாக நீக்கினால் என்னைத் துரோகி என்று சொல்லிப் பக்கத்தையே பிடுங்கிக்கொள்வார்கள். போன வருடம் ஒருவருக்கு அப்படி நடந்தது. எங்கள் அண்ணன் ஒரே ஒரு முறை, இந்த மாதிரிப் பதிவு போடுகிறவன் என் ரசிகன் இல்லை என்று சொல்லட்டும். அந்தத் துண்டை மேலே ஒட்டி வைத்துவிட்டு ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன்.”

அந்தப் பையன் கேட்கும் வாக்கியத்துக்காகத்தான் இப்போது எல்லாரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ரசிகர் பக்கங்களை நடத்தும் பிள்ளைகளும் கையெழுத்துப் போடுகிறார்கள். பியானோ வேண்டாம், கறுப்புப் பின்னணி வேண்டாம் என்று முதல் பத்தியிலேயே எழுதியாகிவிட்டது. சமூகத்தின் பெயர் இரண்டாவது பத்தியில் வருகிறது. அதை எடுக்கச் சொன்னால் கடிதத்தையே திரும்பப் பெற்றுக்கொள்வது என்று முடிவு.